மஞ்சள் குடம்: த்ரில்லர் குறும்படத்தின் முதல் இரண்டு நிமிடத்தைத் திட்டமிடுவது எப்படி?

கல்லூரிக் குறும்படங்களில் த்ரில்லர் என்றால் தொடக்கம் பெரும்பாலும் மூன்று வகைதான். அலாரம் அடிக்க ஹீரோ எழுந்திருப்பான். ஒருத்தன் சந்துக்குள் மூச்சிரைக்க ஓடுவான். அல்லது மேலிருந்து டிரோன் காட்சி, பின்னணியில் "இது எங்க ஏரியா" என்று கனத்த குரல். இதில் வடசென்னை லொக்கேஷன் என்றால் கூடவே அரிவாளும் கேரம் போர்டும் வந்துவிடும். மூன்றையும் ஒதுக்கிவிட்டு, தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு தெருவில் விடியற்காலையில் சாதாரணமாக நடக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: தண்ணீருக்கு வரிசையில் வைத்த குடங்கள்.

காட்சி இதுதான். இருட்டு பிரியவில்லை. தெருமுனை சின்டெக்ஸ் தொட்டிக்கு முன்னால் 14 பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆள் யாரும் இல்லை, குடம்தான் ஆளுக்குப் பதில். ஒரு கை வந்து ஐந்தாவதாக நிற்கும் மஞ்சள் குடத்துக்குள் ஒரு போனை இறக்கிவிட்டுப் போகிறது. லாரி வருகிறது, பெண்கள் கூடுகிறார்கள், வரிசை நகர்கிறது. மஞ்சள் குடத்துக்கு யாரும் வரவில்லை. பின்னால் நிற்கும் அம்மா ஒருவர் அதைக் காலால் தள்ளித் தள்ளி முன்னே கொண்டுபோகிறார். தூக்கிக்கொண்டு போக மகளை எழுப்பலாம் என்று போன் போடுகிறார். மஞ்சள் குடம் உறுமுகிறது.

இனி இதை ஷாட்டாக மாற்றும் வேலை.

படி 1: எது, எந்த ஷாட்டில், யாருக்குத் தெரியும்?

கேமராவைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் பார்வையாளருக்குத் தெரிந்தது, வலப்பக்கம் அந்த அம்மாவுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் நிரப்புங்கள்.

போனை வைக்கும் கையை நீங்கள் காட்டாமல் விட்டால், கடைசியில் குடம் அதிரும்போது ஒரு திடுக் மட்டும் கிடைக்கும். அதற்கு முந்தைய ஒன்றரை நிமிடம் தண்ணீர்ப் பிரச்சினை பற்றிய ஆவணப்படம் போல இருக்கும். கையை முதலிலேயே காட்டிவிட்டால், அதே காலால் தள்ளும் ஷாட் ஒவ்வொன்றும் இறுகும். ஆனால் அது யாருடைய போன் என்பதைக் கடைசி வரை சொல்லாதீர்கள். பாதி தெரிய வேண்டும், பாதி தெரியக் கூடாது. தொடக்கக் காட்சியில் திட்டமிட வேண்டியது இந்தப் பங்கீட்டைத்தான். கேமரா கோணமெல்லாம் இதற்குப் பிறகு.

அந்தக் கை யாருடையது, ஏன் அந்தக் குடம் என்பதற்கு உங்களிடம் ஒரு வரியில் பதில் இருக்க வேண்டும். படத்தில் சொல்ல வேண்டாம், தாளில் எழுதி வையுங்கள். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று கிளம்பினால் எடிட்டிங் மேசையில் அது வந்து நிற்கும்.

படி 2: மூன்று தள்ளல்

காட்சியின் நடுப்பகுதி முழுக்க ஒரே செயலின் மேல் நிற்கிறது. இல்லாதவருடைய குடத்தையும் சேர்த்து முன்னே நகர்த்துவது வரிசையின் வழக்கம். முதல் தடவை அந்த அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டே, பார்க்காமல் தள்ளுகிறார். இரண்டாம் தடவை தள்ளிவிட்டுத் திரும்பி, "இது யாரு கொடம்க்கா?" "தெர்லமா, நான் வரும்போதே இருந்துச்சு." மூன்றாம் தடவை எரிச்சலில் தள்ளுகிறார், குடம் லேசாக ஆடி நிற்கிறது, உள்ளே ஏதோ உருளும் சத்தம். அம்மா கவனிக்கவில்லை. நாம் கவனிக்கிறோம். இரண்டு தடவையோடு நிறுத்தினால் பழக்கம் பதியாது, நான்கு போனால் பார்க்கிறவர் முந்திக்கொள்வார்.

முடிவில் போன் திரையைக் கிட்டத்தில் காட்டி "அம்மா" என்ற எழுத்தைப் படிக்க வைக்க ஆசை வரும். வேண்டாம். அம்மா காதில் போன், குடம் அதிர்கிறது. அவர் அழைப்பைத் துண்டிக்கிறார், அதிர்வு நிற்கிறது. மறுபடி போடுகிறார், மறுபடி அதிர்கிறது. வசனம் இல்லை, திரை இல்லை, புரிந்துவிடும். இதில் கவனிக்க வேண்டிய சின்ன விஷயம்: எண்ணை அழுத்தியதும் அதிர்வு வரக் கூடாது. நிஜத்தில் இணைப்பு கிடைக்க ஓரிரு நொடி ஆகும். 2 நொடி இடைவெளி விடுங்கள். அந்த இரண்டு நொடியில்தான் பார்க்கிறவர் மூச்சைப் பிடிப்பார்.

படி 3: குடம் வாங்கப் போகும்போது போனை எடுத்துப் போங்கள்

சில குடங்களின் வாய் அகலமாக இருந்தாலும் கழுத்து குறுகலாக இருக்கும். போனைப் பிடித்த கை உள்ளே போய், காலியாக வெளியே வர வேண்டும். கடையிலேயே போட்டுப் பாருங்கள். அடுத்தது நிறம். திரையின் வெளிச்சம் குடத்தின் வழியே கசிய வேண்டும் என்றால் மெல்லிய மஞ்சள் அல்லது வெளிர் ஆரஞ்சு சரி. அடர் நீலமும் பச்சையும் வெளிச்சத்தை விழுங்கிவிடும். திரை வெளிச்சம் போதாவிட்டால் இன்னொரு போனின் டார்ச்சை டிஷ்யூ பேப்பரால் மூடி உள்ளே வையுங்கள்.

மஞ்சள் குடம் ஒரே மாதிரி மூன்று வேண்டும். ஒன்று நடிக்க, ஒன்று உடைந்தால் மாற்ற, மூன்றாவதன் அடியை வெட்டி எடுத்துவிட. வெட்டிய அடி வழியாகக் கேமராவை வைத்தால், குடத்துக்குள்ளிருந்து மேலே பார்க்கும் கோணம் கிடைக்கும்: வட்டமாக வானம், அதில் எட்டிப் பார்க்கும் முகம். மற்ற 13 குடங்களையும் தெருவில் இரவல் கேளுங்கள். புதுக் குடங்கள் பளபளத்துக் காட்டிக் கொடுக்கும். உங்கள் மஞ்சள் குடத்தையும் தரையில் தேய்த்து, கழுத்தில் பழைய நூல் கயிறு கட்டிப் பழையதாக்குங்கள்.

தண்ணீர் பிடித்துத் தூக்கும் காட்சியில் காலிக் குடத்தைக் கொடுக்காதீர்கள். இடுப்பு ஒடியும் விதமே வேறாக இருக்கும், பொய் உடனே தெரியும். நிறைகுடம் சுமார் 15 கிலோ, நான்கு டேக்கில் (ஒரே ஷாட்டை நான்கு முறை எடுப்பதற்குள்) நடிப்பவர் களைத்துவிடுவார். 6 லிட்டர் ஊற்றினால் போதும்.

படி 4: தெருவைத் தேர்ந்தெடுப்பது

வடக்கு தெற்காக ஓடும் தெருவாகப் பாருங்கள். இங்கே சூரியன் கடல் பக்கத்திலிருந்து ஏறும். கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் விடிந்ததும் வெயில் நேராக உள்ளே அடிக்கும். வடக்கு தெற்குத் தெருவில் கிழக்கு வரிசை வீடுகளின் நிழல் இன்னும் கொஞ்ச நேரம் காப்பாற்றும்.

லாரி எந்தெந்தக் கிழமை வரும் என்று தெருக்காரர்களிடம் கேட்டு, வராத நாளில் எடுங்கள். வருகிற நாளில் உங்கள் பொய் வரிசையை நிஜ வரிசைக்குள் நுழைத்தால் அடி விழும், விழுவதும் நியாயம். படப்பிடிப்புக்கு வேண்டிய தண்ணீரைக் கேனில் கொண்டுபோங்கள்.

பொதுத் தெரு என்பதால் கல்லூரியின் கடிதத்தோடு காவல்துறை, மாநகராட்சி அனுமதிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ரயில் நிலையத்துக்குள்ளும் துறைமுக வளாகத்துக்குள்ளும் தனி அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்காதீர்கள். ராயபுரம் நிலையம் 1856-இல் திறந்தது, பார்க்க அழகுதான். இந்தக் காட்சிக்கு அது தேவையில்லை. டிரோனை மறந்துவிடுங்கள், ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் மணலி சுத்திகரிப்பு ஆலை.

தேதியும் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை ஆடி. தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர், விடியற்காலை ஒலி எதுவும் சுத்தமாகக் கிடைக்காது. ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும் தோதானவை.

படி 5: 25 நிமிடக் கணக்கு

திட்டங்கள் உடைவது இங்கேதான். ஜனவரியில் சென்னையில் சூரிய உதயம் ஏறக்குறைய 6:35. அதற்கு முன்னால் வானம் நீலமாக இருக்கும் நேரம் 25 நிமிடத்தைத் தாண்டாது. ஒத்திகை முடித்திருந்தாலும் புதுக் குழுவுக்கு ஒரு ஷாட், இரண்டு டேக் என்றால் 6 நிமிடம் ஓடிவிடும். ஆக ஒரு காலைக்கு நான்கு ஷாட்.

நம் காட்சி 17 ஷாட், 2 நிமிடம் 10 நொடி. இதில் வானம் தெரிவது எத்தனை என்று எண்ணுங்கள். முழுத் தெருவும் குடங்களும், கை வந்து போவது, கதவு திறந்து அம்மா வருவது, கூட்டம் கூடுவது, கடைசியில் தனியாக நிற்கும் மஞ்சள் குடம், குடத்துக்குள்ளிருந்து மேலே பார்ப்பது: ஆறு. எனவே இரண்டு காலை. மீதி 11 ஷாட்டும் குடம், கால், கை, முகம் என்று நெருக்கமானவை. வானம் சட்டத்துக்குள் (ஃப்ரேமுக்குள்) வராது. அவற்றை வெயில் இறங்காத நிழலில், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் குறைத்து, வொயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) 4000 கெல்வினில் பூட்டி எடுத்தால் விடியலோடு ஒட்டும்.

எடுக்கும் வரிசையை முடிவு செய்வது வானம் மட்டுமில்லை, தரையும்தான். ஒரு முறை தண்ணீர் சிந்திவிட்டால் அன்று தரை காயாது. உலர்ந்த தரை ஷாட்களை எல்லாம் முடித்த பிறகே குழாயைத் திறங்கள். நெருக்க ஷாட்களில் இதைக் கோட்டைவிட்டால் ஈரம் வந்து வந்து போகும்.

படி 6: மொட்டை மாடி ஒத்திகை

படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்னால் 14 குடங்களையும் (அல்லது 14 செங்கல்) மாடியில் வரிசையாக வைத்து, 17 ஷாட்டையும் போனில் வெறும் புகைப்படமாக எடுங்கள். அவற்றை எடிட்டிங் செயலியில் உத்தேச நீளத்தில் அடுக்கி, குடம் அதிரும் ஒலியை மட்டும் சேர்த்துப் பாருங்கள். கதை தெரியாத ஒருவருக்குக் காட்டி, "யார் போன்?" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் குறை ஷாட்டில்.

கேமராவை எந்தப் பக்கம் வைப்பது என்பதையும் மாடியிலேயே பழகலாம். குட வரிசைதான் உங்கள் கோடு. கேமரா எப்போதும் அதன் ஒரே பக்கம். தொட்டி சட்டத்தின் இடப்பக்கம் என்றால் எல்லா ஷாட்டிலும் இடப்பக்கமே. குடங்கள் இடப்பக்கமாகவே நகர வேண்டும். ஒரே ஒரு ஷாட்டை எதிர்ப்பக்கம் போய் எடுத்தாலும், மஞ்சள் குடம் பின்னால் போவது போலத் தெரியும். உயரம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர், குடத்தை விடச் சற்று மேலே. மூன்றாம் தள்ளல் வரை பெரியவர்களின் முகத்தைக் குறைவாகக் காட்டுங்கள்.

படி 7: லாரி இல்லாமல் லாரி

தண்ணீர் லாரியை வாடகைக்கு எடுக்கத் தேவையில்லை. ஒரே மாடல் பைக் இரண்டை இரண்டு மீட்டர் இடைவெளியில் நிறுத்துங்கள். கேமரா குடங்களைப் பார்த்தபடி இருக்க, இரண்டையும் ஒரே வேகத்தில் மெல்லத் திருப்பினால் ஹெட்லைட் வெளிச்சம் குட வரிசையைத் தடவிக்கொண்டு போகும். 2017 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டிகளில் என்ஜினோடு விளக்கும் எரியும், அந்த என்ஜின் சத்தத்தில் இந்த ஷாட்டின் நேரடி ஒலி உதவாது. லாரியின் பிரேக் சீறலையும் தண்ணீர் கொட்டும் சத்தத்தையும் வேறொரு நாள் தனியாகப் பதிவு செய்யுங்கள். ஒலியை வெளிச்சத்துக்கு 3 நொடி முன்பே தொடங்குங்கள்.

கேமரா அமைப்பு சுருக்கமாக: நொடிக்கு 25 சட்டம் (ஃப்ரேம்), ஷட்டர் 1/50 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போனின் வழக்கமான 30 சட்டம், 1/60 வைத்தால் தெருவிளக்கு வெளிச்சத்தில் பட்டை பட்டையாக ஓடும். எக்ஸ்போஷர், ஃபோகஸ் இரண்டையும் பூட்டுங்கள். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்) 800-ஐத் தாண்டினால் பல போன்களில் இருட்டு புள்ளி புள்ளியாகக் கொதிக்கும். ஏசி அறையிலிருந்து நேராகக் கேமராவைக் கொண்டுவந்தால் கடற்காற்றில் லென்ஸ் வேர்க்கும். பையோடு அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள்.

படி 8: அந்த உறுமல்

தெருவில் குடத்துக்குள் போன் அதிர்ந்தால் இரண்டடி தள்ளிக் கேட்காது. இரவில் மூடிய அறையில், சிமெண்ட் தரையில் குடத்தை வைத்து, மைக்கைக் குடத்தின் வாய்க்கு 10 சென்டிமீட்டர் மேலே பிடித்து ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். போனை அடியில் படுக்க வைத்தால் ஒரு ஒலி, சாய்த்து வைத்தால் வேறு ஒலி; இரண்டையும் எடுங்கள். ஒலிப்பதிவு மீட்டரில் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். தெருவின் வெற்று ஒலியும் ஒரு நிமிடம் வேண்டும்: தூரத்துக் கண்டெய்னர் லாரி, கொருக்குப்பேட்டைப் பக்கமிருந்து ரயில் ஹாரன், காகம்.

படப்பிடிப்பில் அதிர்வு தொடங்கும் கணத்தை உதவி இயக்குநர் கையசைத்துக் காட்டட்டும், நடிப்பவர் அதைப் பார்த்துத் திரும்பட்டும். "ஆங், இப்ப" என்று கத்தினால் தெருக் குழந்தைகள் எல்லாம் கேமராவைப் பார்க்கும்.

எடிட்டிங்கில் படத்தின் பெயரை எங்கே போடுவது என்று கேட்பார்கள். இரண்டாவது அழைப்பில் அம்மா குடத்தை நோக்கிக் குனிகிறார். முகம் குட வாயின் வட்டத்துக்குள் முழுதாக வருவதற்கு முன்பே வெட்டுங்கள். கருப்புத் திரையில் அதிர்வு மட்டும் நான்கு நொடி. அது நின்ற பிறகு பெயர்.