ஈறில் ரத்தம் வருகிறதா? பிரஷர், சர்க்கரை உள்ளவர்கள் செய்ய வேண்டியது

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். பிரஷர் மாத்திரை வாங்க வருபவர்களிடம் பல் தேய்த்தால் ரத்தம் வருகிறதா என்று கேட்பேன். “ரொம்ப நாளா வருது சிஸ்டர், அதான் அந்தப் பக்கம் பிரஷ்ஷே வைக்கிறதில்ல” என்பார்கள். அந்த இடத்தைத்தான் நன்றாகத் தேய்க்க வேண்டும்.

ஈறோரம் படியும் மஞ்சள் அழுக்கு பெரும்பாலும் கிருமிதான். ஈறு வீங்கிப் பல்லைவிட்டு விலகினால், அந்த இடுக்கில் போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற கிருமிகள் பெருகும். மெல்லும்போதே அவை ரத்தத்தில் கலக்கும். இதய ரத்தக்குழாய் அடைப்பில் படிந்த கொழுப்பிலும் இவற்றின் டிஎன்ஏ கிடைத்திருக்கிறது. ஈறு ஆறாமலே கிடந்தால் உடம்பு முழுக்க அழற்சி கூடும், ரத்தக்குழாயின் உள்சுவரும் கெடும். ஈறு நோயே மாரடைப்பைக் கொண்டுவருகிறது என்று இன்னும் நிரூபணமாகவில்லை. புகை, சர்க்கரை இரண்டும் ஈறையும் கெடுக்கும், இதயத்தையும் கெடுக்கும், அதனால் எது எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் ஈறு நோயும் இதய நோயும் சேர்ந்தே வருவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. எனக்கு அது போதும்.

சாஃப்ட் பிரஷ் வாங்குங்கள். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து வைத்து, அழுத்தாமல், சின்னச் சின்னதாக அசையுங்கள். காலையும் இரவும் இரண்டு நிமிடம். கீழ் முன்பற்களின் உள்பக்கத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். காறை, அதாவது கல்லாக இறுகிய பல் அழுக்கு, அதிகம் படிவது அங்கேதான். பிரஷை நிமிர்த்திப் பிடித்து அதன் நுனியால் தேய்க்க வேண்டும். பல்லிடுக்குக்கு மெடிக்கலில் குட்டி பிரஷ் கிடைக்கும். உறைபனிக் காலத்தில் குழாய்த் தண்ணீர் கூசினால் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், அதைச் சாக்காக வைத்து இரவில் தேய்க்காமல் படுக்காதீர்கள். கரித்தூள், செங்கல் பொடி வேண்டவே வேண்டாம்.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறு கெட்டிருந்தாலும் ரத்தம் குறைவாகத்தான் வரும். ரத்தம் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

இப்படி இரண்டு வாரம் தேய்த்தும் ரத்தம் நிற்கவில்லையா? பல் டாக்டரிடம் போங்கள். இறுகிய காறை பிரஷ்ஷுக்கு வராது, அவர்தான் எடுக்க வேண்டும். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று பயப்படுவார்கள். அந்தப் பல்லைச் சுற்றி எலும்பு முன்பே கரைந்திருக்கும். காறை மூடியிருந்ததால் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதய அடைப்புக்கு ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய்) வைத்தவர்கள் ரத்தம் உறையாத மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. இதயத்தில் செயற்கை வால்வு உள்ளவர்கள் பல் டாக்டரின் நாற்காலியில் உட்காரும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும், முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தருவார்கள். மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.