பால் பைத்தான் (ball python) என்னும் வளர்ப்புப் பாம்பைக் காரில் ஏற்காட்டுக்குக் கொண்டுபோக

இரை தின்ற பாம்பைக் கிளப்பாதீர்கள். குலுங்கினால் கக்கிவிடும், பிறகு தேறப் பல நாள் ஆகும். கடைசி இரைக்கும் பயணத்துக்கும் இடையே 5 நாள் இருக்கட்டும்.

பாம்பை வைக்கும் பையாகப் பருத்தித் தலையணை உறை போதும். அதை உள்வெளியாகத் திருப்பிப் பாருங்கள்: தையலில் தொங்கும் நூல் செதிலிலோ வாலிலோ சுற்றிக்கொள்ளும், கத்தரித்துவிடுங்கள். பாம்பை உள்ளே விட்டு, உறையின் வாயை முறுக்கி, மடித்து, முடிச்சுப் போடுங்கள். துளையிட்ட, மூடி பூட்டும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அந்தப் பையை வையுங்கள். சுற்றிலும் துண்டைத் திணித்தால் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவிலும் உருளாது. தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம், சிந்தி ஈரமாகும். பெட்டியின் இடம் முன்சீட்டுக்குப் பின்னால், தரையில், டிக்கியில் அல்ல.

பெட்டிக்குள் 25 முதல் 29 டிகிரி. தெர்மாமீட்டர் வைத்தே பாருங்கள். ஏசி காற்று நேரே படக்கூடாது. சேலத்து வெயிலில் நிறுத்திய கார் சில நிமிடங்களிலேயே பாம்பைக் கொன்றுவிடும், டீ குடிக்க இறங்கினாலும் ஒருவர் ஏசியோடு உள்ளே இருக்க வேண்டும். மேலே ஏற ஏறக் குளிரும்: வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி, பெட்டிக்கு வெளியே ஒரு பக்கம் மட்டும் ஒட்டி வையுங்கள்.

பரிவேஷ் (வெளிநாட்டு வளர்ப்பு உயிரினங்களைப் பதியும் மத்திய அரசு இணையதளம்) பதிவுச் சான்றின் நகல் கையில் இருக்கட்டும். போய்ச் சேர்ந்ததும் தண்ணீர் மட்டும். ஒரு வாரம் இரை வேண்டாம்.