பயிற்சி முடிந்ததும் முதல் மரமேறும் கருவிகளை வாங்குவது எப்படி?

இங்கிலாந்தில் மரம் ஏறிக் கிளை கழிக்கும் வேலைக்கான பயிற்சியை முடித்துச் சான்றிதழ் கைக்கு வந்த அன்று மாலையே கருவிக் கடை ஒன்றின் இணையதளத்தில் உட்கார்ந்துவிட்டேன். இரவு பத்து மணிக்குள் கூடையின் மொத்தத் தொகை இரண்டாயிரம் பவுண்டைத் தாண்டியது. நல்லவேளையாக வங்கி அட்டை மறுத்துவிட்டது. அந்தப் பட்டியலில் பாதிப் பொருள்கள் எனக்கு ஓர் ஆண்டு வரை தேவைப்படவே இல்லை. மீதிப் பாதியிலும் அளவு தவறாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன்.

எங்கள் ஊர்ப் பனையேறி ஒரு தளைநாரையும் ஓர் அரிவாள் பெட்டியையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஏறி இறங்குவார். அந்த நார் எந்த மட்டையிலிருந்து வந்தது, எப்போது நையத் தொடங்கியது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பிரிட்டனில் ஓக் மரத்தில் தொங்கும் நமக்கும் அந்தக் கணக்குதான். எந்தப் பொருளில் உயிர் தொங்குகிறதோ, அதன் கதை முதல் நாளிலிருந்து நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கீழே சொல்லும் வரிசையை அதை வைத்துத்தான் அமைத்திருக்கிறேன்.

படி 1: உங்கள் காசில் வாங்க வேண்டுமா என்று கேளுங்கள்

நீங்கள் ஒரு நிறுவனத்தின் ஊழியர் என்றால் பாதுகாப்புக் கருவிகளைக் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. 1974ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அதற்காக ஊழியரிடம் பணம் வாங்குவதைத் தடுக்கிறது. நிரந்தர ஊழியர் அல்லாத பல தொழிலாளர்களுக்கும் தனிநபர் பாதுகாப்புக் கருவிகளைக் கொடுக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் விதி விரிவாக்கப்பட்டது. சுயதொழிலாக நாள் கூலிக்கு ஏறுபவர்தான் எல்லாவற்றையும் தானே வாங்க வேண்டும். முதல் சில மாதங்கள் நிறுவனத்தின் கருவிகளில் ஏறிப் பாருங்கள். உங்கள் உடம்புக்கு எது ஒத்துவருகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

படி 2: ஹார்னஸ்

மரத்தில் தொங்கும்போது நம்மைத் தாங்க உடம்பில் மாட்டிக்கொள்ளும் வார்ப்பட்டைதான் ஹார்னஸ். பணத்தையும் நேரத்தையும் அதிகம் செலவிட வேண்டியது இதில்தான். இடுப்பும் தொடையும் எடையைத் தாங்கும்படி அமைந்த, இ.என். 358, இ.என். 813 ஆகிய இரண்டு ஐரோப்பியத் தரக்குறிகளும் உள்ள ஹார்னஸைத் தேடுங்கள். மலையேறுபவர்களின் மெல்லிய ஹார்னஸ் கீழே விழுபவரைப் பிடிப்பதற்கானது. அதில் மணிக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது.

இணையத்தில் அளவு அட்டவணையைப் பார்த்து வாங்காதீர்கள். தொங்கிப் பார்க்க விட்டத்தில் கயிறு கட்டி வைத்திருக்கும் கடைக்குப் போங்கள். போகும்போது செயின்சா (சங்கிலி ரம்பம்) பாதுகாப்புக் காற்சட்டையை அணிந்துகொண்டு போங்கள். நான் சாதாரண ஜீன்ஸில் போனேன். இரண்டு நிமிடம் தொங்கினேன், சொகுசாக இருந்தது, வாங்கிவிட்டேன். அடுத்த வாரம் தடித்த காற்சட்டைக்கு மேல் அதை மாட்டி ஓர் ஆஷ் மரத்தில் ஏறினேன். இருபது நிமிடத்தில் வலது கால் மரத்துப்போய், கிளையில் பாதம் பட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. தொடை வாரைத் தளர்த்தினால் இடுப்புப் பட்டை விலா வரை ஏறியது. குறை ஹார்னஸில் இல்லை, போட்டுப் பார்த்த முறையில்தான்.

ஆகவே குறைந்தது பதினைந்து நிமிடம் தொங்குங்கள். பக்கவாட்டில் சாயுங்கள். ஒரு கையை நீட்டிக் கிளையை அறுப்பது போலப் பாவனை செய்யுங்கள். கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தால் பார்க்கட்டும். முன்பக்கத்தில் இரண்டு வளையங்களை இணைக்கும் குறுங்கயிற்றை இங்கே ‘பிரிட்ஜ்’ என்பார்கள். ஹார்னஸில் முதலில் தேய்வது அதுதான் என்பதால், அதைத் தனியாக மாற்ற முடியுமா, உதிரி கிடைக்குமா என்று கேட்டு வையுங்கள்.

படி 3: கயிறு

முனையில் உள்ள பட்டையில் இ.என். 1891, ஏ வகை என்று இருக்க வேண்டும். மலையேற்றத்துக்கான இழுபடும் கயிறு இங்கே உதவாது. ஒவ்வொரு அடி ஏறும்போதும் ரப்பர் போலத் தாழ்ந்து பாடாய்ப் படுத்தும். தடிமன் 11.5 முதல் 13 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். புதியவரின் கைக்குத் தடித்த கயிறே நல்ல பிடி கொடுக்கும்.

நீளத்தைக் கணக்கிடுவது எளிது. கயிறு கிளையைச் சுற்றித் திரும்பி வரும் முறையில் 20 மீட்டர் உயரத்துக்கு 40 மீட்டர் செலவாகும். மிச்சத்தையும் சேர்த்து 45 மீட்டர் வாங்கினால் பெரும்பாலான தோட்டத்து மரங்களுக்குப் போதும். கயிறு தீர்ந்துபோவது தெரியாமல் இறங்கி விழாமலிருக்கக் கடைசி முனையில் எப்போதும் ஒரு தடுப்பு முடிச்சு இருக்க வேண்டும்.

2005ஆம் ஆண்டின் உயரப் பணி விதிமுறைகள், தனித்தனியாகக் கட்டப்பட்ட இரண்டு கயிறுகளைக் கேட்கின்றன. இரண்டாவது கயிறே ஆபத்தைக் கூட்டும் என்றால்தான் விலக்கு. ஆகவே இரண்டாவது கயிற்றுக்கும் இப்போதே பணம் ஒதுக்குங்கள். அதை வேறு நிறத்தில் வாங்குங்கள். இலைகளுக்கு நடுவே இரண்டும் ஒரே ஆரஞ்சு நிறத்தில் இருந்தால், எதை அவிழ்க்கிறோம் என்று தெரியாமல் நெஞ்சு படபடக்கும்.

பழைய கயிறு, பழைய ஹார்னஸ் இரண்டையும் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பேட்டரி அமிலம் பட்ட நைலான் பார்வைக்குப் புதிதாகவே இருக்கலாம்.

படி 4: கேரபினரும் உராய்வு முடிச்சும்

கயிற்றையும் ஹார்னஸையும் இணைக்கும் உலோகக் கொக்கிதான் கேரபினர். தானாக மூடித் தானாகப் பூட்டிக்கொள்ளும், திறக்க மூன்று அசைவுகள் தேவைப்படும் கேரபினரைக் கேளுங்கள்: மேலே தூக்கு, திருகு, உள்ளே தள்ளு. திருகாணி வகை வேண்டாம். கயிறு உரசி உரசி அதைக் கழற்றிவிடும். கேரபினரின் மேல் பொறித்திருக்கும் எண்களைப் படியுங்கள். நீளவாக்கில் 23 கிலோநியூட்டன் (ஒரு கிலோநியூட்டன் ஏறத்தாழ நூறு கிலோ எடை) அளவுக்குத் தாங்கும் கேரபினர், குறுக்கே பளு விழுந்தால் பெரும்பாலும் 7 அல்லது 8தான் தாங்கும். மேலே இருக்கும்போது அதைக் கண்ணால் மட்டும் பார்க்காமல் கையாலும் அழுத்திப் பார்க்கும் பழக்கம் அதனால்தான் வந்தது.

உராய்வு முடிச்சு என்பது ஏறும் கயிற்றைச் சுற்றிச் சிறு கயிற்றால் போடும் முடிச்சு; பளு விழுந்தால் இறுகிப் பிடிக்கும், தளர்த்தினால் நகரும். அதே வேலையைச் செய்யும் பெட்சல் ஜிக்ஸாக் போன்ற இயந்திரப் பிடிகளைப் பார்த்தால் ஆசை வரும். எனக்கும் வந்தது. முதல் ஆண்டு முடிச்சிலேயே ஏறுங்கள் என்றுதான் சொல்வேன். இரு முனையிலும் வளையம் தைத்த உராய்வுக் கயிற்றில் இரண்டு வாங்கினாலும் ஒரு பிடியின் விலையில் சிறு பங்குதான். வேகமாக இறங்கினால் உராய்வில் சூடேறும்; ஆகவே மேலுறையில் சூட்டைத் தாங்கும் அராமிட் இழை உள்ளதாகப் பாருங்கள். சாதாரண நைலான் சூட்டில் பளபளவென்று இறுகிவிடும். விரலால் தடவும்போது கண்ணாடி போல வழுக்கினால் அந்தக் கயிற்றின் காலம் முடிந்தது. முடிச்சுக் கயிறும் ஏறும் கயிறும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று கடையிலேயே கட்டிப் பாருங்கள். புதுக் கயிற்றின் வழுக்கலில் பிடிக்காத முடிச்சுகளும் உண்டு.

படி 5: இடுப்பிலிருந்து தண்டைச் சுற்றும் கயிறு

இதை லேன்யார்ட் என்பார்கள். உள்ளே எஃகு வடம் ஓடும் வகை, கை ரம்பம் தவறிப் பட்டால் தாங்கும். ஓடும் செயின்சா அதையும் அறுத்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். மின்கம்பி அருகே எஃகு வடம் தனி ஆபத்து.

படி 6: தலையும் காலும்

மரத்தில் ஏறுவதற்கு இ.என். 12492 தர ஹெல்மெட். கட்டுமானத் தளத்து இ.என். 397 ஹெல்மெட்டின் தாடை வார் 15 முதல் 25 கிலோ இழுப்பில் கழன்றுகொள்ளும்படி செய்யப்பட்டது. எங்காவது சிக்கினால் கழுத்து நெரியக்கூடாது என்பதற்காக. ஊசலாடித் தண்டில் மோதும் நமக்கோ தலையை விட்டுக் கழலாத வார்தான் வேண்டும்.

செயின்சா காற்சட்டைகளில், தரையில் நின்று அறுப்பவருக்கு முன்பக்கம் மட்டும் காக்கும் ஏ வகை போதும். மரத்தில் கால்கள் எந்தக் கோணத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. முழுச் சுற்றும் காக்கும் சி வகையை வாங்குங்கள். பழைய காற்சட்டை கிடைத்தால் கத்தரித்துப் பாருங்கள். உள்ளே பஞ்சு மிட்டாய் போல நீண்ட இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். சங்கிலி பட்டதும் அவை இழுபட்டுப் பற்சக்கரத்தில் சுற்றி அதை நிறுத்திவிடும்.

படி 7: இப்போதைக்கு வாங்க வேண்டாதவை

காலில் மாட்டும் முள் இரும்பைப் புதியவர்கள் எல்லோரும் முதலில் கேட்பார்கள். உயிருள்ள மரத்தைக் கிளை கழிக்க முள்ளோடு ஏறினால் பட்டையெல்லாம் காயம். அடியோடு அகற்றப்போகும் மரத்துக்குத்தான் அது. ஒற்றைக் கையில் பிடிக்கத் தோன்றும் சிறிய செயின்சாவும் காத்திருக்கட்டும். நல்ல உறையோடு ஒரு ஜப்பானியக் கை ரம்பம் போதும். 33 சென்டிமீட்டர் அலகு எதிர்பாராத வேலையெல்லாம் செய்யும். கயிற்றை உயரக் கிளைக்கு ஏற்ற முதலில் வீசும் எறிநூலும் எறிபையும் விலை குறைவு, உடனே வாங்கலாம். ஹார்னஸில் மாட்டும் சிறு முதலுதவிப் பையும் அப்படியே. பெரிய காயக் கட்டு அதில் கட்டாயம் இருக்கட்டும்.

படி 8: பெட்டியைப் பிரித்த அன்றே

ஒவ்வொரு பொருளோடும் வரும் இணக்கச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். வரிசை எண், வாங்கிய நாள், முதலில் பயன்படுத்திய நாள் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தூக்கும் கருவிகளுக்கான 1998ஆம் ஆண்டின் லோலர் விதிமுறைப்படி, மனிதரைத் தாங்கும் கருவிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். சுயதொழில் செய்பவருக்கும் இது பொருந்தும். எண் படிக்க முடியாத பொருளைப் பரிசோதகர் ஒதுக்கிவிடுவார். பெயர் எழுதுகிறேன் என்று மார்க்கர் பேனாவால் கயிற்றின் மேல் கிறுக்காதீர்கள். சில மைகள் இழையைக் கெடுக்கும். முனையில் ஒட்டுப்பட்டை சுற்றி அதன்மேல் எழுதுங்கள். பெட்ரோலும் சங்கிலி எண்ணெயும் போகும் பையில் கயிறு போகவே கூடாது.

பிறகு எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு மாலை முழுக்கத் தொங்குங்கள். நான் அப்படித் தொங்கிய அன்று, முடிச்சுக் கயிறு நான்கு சென்டிமீட்டர் நீளமாக இருப்பது தெரிந்தது. ஒவ்வொரு முறை இழுத்து ஏறும்போதும் அந்த நான்கு சென்டிமீட்டர் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை கடைக்குப் போய்க் குட்டையானதாக மாற்றிக்கொண்டேன்.