செம்பருத்தி சிவப்புத் திட்டாக வராமல்: விடிகாலையில் பூ எடுக்கும் முறை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மொட்டைமாடியில் பதினாலு தொட்டி இருக்கிறது. அதில் ஒரு ஒற்றைச் செம்பருத்தியை மூன்று மாதம் விடாமல் எடுத்தேன். எடுத்த எதிலும் பூ இல்லை. சிவப்பாக ஒரு திட்டு, நடுவில் ஒரு தண்டு, அவ்வளவுதான். இதழில் நரம்பு ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது, படத்தில் காணோம். காரணம் பிடிபட்ட பிறகு இதை எழுதுகிறேன். எஃப் நம்பர் என்றால் என்ன, ஐஎஸ்ஓ என்றால் என்ன என்பதற்குள் போகவில்லை.

முதல் நாள் ராத்திரி

மொட்டைப் பார்த்து வையுங்கள். செம்பருத்தி ஒரு நாள் பூ, இன்றைக்கு விரிந்தது நாளைக்கு உதவாது. நாளை விரியப்போகும் மொட்டு, மடக்கிய குடை மாதிரி முறுக்கிக்கொண்டு நுனியில் நிறம் காட்டும். பக்கத்தில் காய்ந்த இலை, ஒட்டடை இருந்தால் அப்போதே எடுத்துவிடுங்கள்.

கேமராவையும் அப்போதே தயார் செய்துவிடலாம். அப்பெர்ச்சர் மோட், எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400. படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள், சூரியன் படம் போட்ட இடத்தில் வையுங்கள். காலை வெயிலின் மஞ்சளை ஆட்டோ ஒரு குறையாக நினைத்துத் துடைத்துவிடும்.

எத்தனை மணிக்கு?

மே கடைசியில் இங்கே 5.45க்கெல்லாம் சூரியன் வந்துவிடும். ஜனவரி கடைசியில் 6.30 தாண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் பொன்வெயில் ஒரு மணி நேரம் இருக்கும் என்பார்கள், அதை நம்பி நான் நிறைய நாள் ஏமாந்தேன். நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக, மணிக்குப் பதினாலு டிகிரி அளவில் ஏறுகிறது. உதித்த முதல் ஒரு மணி நேரத்தில் லண்டனில் பத்து டிகிரிகூட ஏறாது. அதனால் நமக்குக் கிடைப்பது அரை மணி, மிஞ்சினால் நாற்பது நிமிஷம்.

அதற்குள் இன்னொரு போட்டியும் உண்டு. பக்கத்து வீட்டு அத்தை ஆறு மணிக்குப் பூஜைக்குப் பூ பறிக்க எங்கள் மாடிக்கே வருவார். "அத்தை, அந்த ஓரத்துப் பூவை மட்டும் விட்டுடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவைக்காத நாளெல்லாம் எனக்குக் காம்புதான்.

எங்கே நிற்பது?

சூரியனை முதுகுப் பக்கம் வைத்து எடுக்கச் சொல்வார்கள். பூவுக்கு அது வேண்டாம். பூ உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில், கொஞ்சம் ஓரமாக இருக்கட்டும். வெயில் இதழுக்குள் புகுந்து வரும்போதுதான் நரம்பு தெரியும். முன்பக்கம் இருட்டாகிறதே என்றால், ஒரு வெள்ளை வேட்டியை உங்கள் பக்கத்துக் கொடியில் காயப்போடுங்கள். வெளிச்சம் அதில் பட்டுப் பூவுக்குத் திரும்பும். ரிஃப்ளெக்டர் என்று காசு கொடுத்து வாங்கியது என் வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

நான் மாட்டிக்கொண்ட இடம்

செம்பருத்தியைச் சுற்றிக் கரும்பச்சை இலைகள். அவற்றைப் பார்த்த கேமரா, இடம் இருட்டாக இருக்கிறது என்று நினைத்து மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்குகிறது. இலை அழகாகிவிடும், பூ கெட்டுவிடும். படத்தில் இருட்டு எவ்வளவு (இடது ஓரம்), வெளிச்சம் எவ்வளவு (வலது ஓரம்) என்று காட்டும் வரைபடம்தான் ஹிஸ்டோகிராம். நான் அதைப் பார்க்காமல் இல்லை, பார்த்தேன். மேடு நடுவில்தான் இருந்தது. ஆனால் சாதாரணமாகக் காட்டும் அந்த ஒற்றை வரைபடம் மூன்று நிறங்களையும் கலந்து போடுவது, அதில் பச்சைக்குத்தான் எடை அதிகம். சிவப்பு மட்டும் தனியாக வலது ஓரத்தில் முட்டி நிற்பதை அது சொல்லாது. மெனுவில் தேடி, மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போடுங்கள். நான் முதல் தடவை போட்டபோது சிவப்பு மேடு சுவரில் அப்பிக்கொண்டிருந்தது.

வழி இதுதான்: கேமரா போட்ட வெளிச்சக் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை மைனஸ் 1க்குக் கொண்டுவாருங்கள். சிவப்பு இன்னும் முட்டினால் மைனஸ் 1.3. கேமரா திரையில் படம் இருட்டாகத் தெரியும், பயப்பட வேண்டாம். ரா ஃபைலாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ஃபைல்) எடுத்திருந்தால் இலையைப் பிறகு வெளிச்சமாக்கிக்கொள்ளலாம். முட்டிப்போன சிவப்பு திரும்பாது. 'விவிட்' மாதிரி நிறம் கூட்டும் அமைப்பு இருந்தால் நியூட்ரலுக்கு மாற்றுங்கள்.

போனில் எடுப்பவர்கள் பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, ஃபோகஸ் பூட்டியதும் பக்கத்தில் வரும் சூரியனைக் கீழே இழுத்தால் போதும்.

ஃபோகஸ், காற்று

தண்டின் நுனியில் வெல்வெட் பொட்டு மாதிரி ஐந்து சூல்முடிகள் இருக்கும். ஃபோகஸ் அங்கே. ஷட்டர் வேகம் 1/250 நொடியைவிட மெதுவாகிவிட்டால் ஐஎஸ்ஓவை 800 ஆக்குங்கள். கடல்காற்று வெயில் ஏறின பிறகுதான் கிளம்பும், விடிகாலையில் அவ்வளவு தொல்லை இல்லை. அப்படியும் ஆடினால் ஒரு குச்சியை நட்டு, காம்பைத் துணி கிளிப்பால் பிடித்துவிடுங்கள்.

லென்ஸுக்கு, கேமராவோடு வரும் 18-55 போதும். அதைவிட நெருங்க ஆசை வந்தால் எக்ஸ்டென்ஷன் ட்யூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் வெறும் குழாய்) வாங்குங்கள். மலிவான குளோஸ்அப் ஃபில்டர் செட் வேண்டவே வேண்டாம், ஓரமெல்லாம் கலங்கிப்போகும். ஸ்ப்ரே அடித்துப் பனித்துளி காட்டுவதும் எனக்குப் பிடிக்காது. மார்கழியில் நிஜப் பனியே வரும்.

மாடி இல்லாதவர்கள் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகலாம். ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்த இலையோடு அடம்பு மணலில் படர்ந்திருக்கும், ஊதாப் பூ காலையில்தான் விரிந்திருக்கும். சூரியன் கடலிலிருந்தே எழுவதால் கட்டிடம் மறைக்காது. மணலில் குப்புறப் படுக்கத் தயாராகப் போங்கள்.

பின்சேர்க்கை

படித்தவர்களில் இரண்டு பேர், படமெல்லாம் புகை மூட்டமாக வருகிறது என்றார்கள். கேட்டால், கேமரா ராத்திரி முழுக்க ஏசி அறையில் இருந்திருக்கிறது. நம் கடலோர ஈரக்காற்று பட்டதும் லென்ஸ் வேர்த்துவிடும். துடைத்தால் மறுபடி வேர்க்கும். ராத்திரியே பையோடு ஹாலில் வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்திருங்கள்.

இன்னொருவர், மைனஸ் 1 வைத்து நந்தியாவட்டை எடுத்தேன், சாம்பல் நிறத்தில் வருகிறது என்றார். வெள்ளைப் பூவுக்குக் கதை தலைகீழ். பூ சட்டகத்தை நிறைத்து நின்றால் கேமரா தானாகவே இருட்டாக்கும். அங்கே பிளஸ் 0.7 வைத்துப் பாருங்கள்.