உணவின் சூழல் பாதிப்பு: கணக்கு எங்கே தவறுகிறது?

ஓர் உணவுப் பொருளின் பாதிப்பு இவ்வளவு என்று யாராவது ஓர் எண்ணைக் காட்டினால், "எந்த அலகுக்கு?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும். குளறுபடிகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கின்றன.

கணக்குக்காக இரண்டு வயல்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் ஹெக்டேருக்கு 2 டன் விளைச்சல், 1,200 கிலோ பசுங்குடில் வாயு உமிழ்வு. மற்றதில் 5 டன், 2,500 கிலோ. ஹெக்டேருக்குப் பார்த்தால் முதல் வயலின் உமிழ்வு பாதிக்கும் குறைவு. விளைந்த கிலோவுக்குப் பார்த்தால் அதற்கு 0.6, மற்றதற்கு 0.5. வரிசை தலைகீழாகிவிட்டது! இரண்டுமே சரியான கணக்குதான். ஓடையில் கலக்கும் உரத்தைப் பற்றிக் கேட்கிறோமா, இத்தனை பேருக்கு உணவு வேண்டும் என்று கேட்கிறோமா என்பதைப் பொறுத்து அலகு மாறும். தனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்காட்டுவது எனக்கு ஏற்புடையதல்ல. இரண்டையும் சேர்த்தே தர வேண்டும்.

தண்ணீர்க் கணக்கிலும் இதே சிக்கல். ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு உலக சராசரியாகச் சுமார் 15,400 லிட்டர் என்பது பலருக்கும் தெரிந்த எண். அதில் 90 சதவீதத்துக்கும் மேல் புல்லும் தீவனப் பயிரும் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்ட மழைநீர் என்பதை யாரும் சொல்வதில்லை. வற்றிக்கொண்டிருக்கும் நிலத்தடி நீரிலிருந்து இறைத்த சில நூறு லிட்டர் அதைவிடக் கேடாக இருக்கலாம். மொத்த லிட்டரோடு, எந்த நீர், எந்த இடத்து நீர் என்பதும் வேண்டும்.

நெல்வயலும் மாடுகளும் வெளியிடும் மீத்தேன் வாயுவுக்குக் கால அளவைச் சொல்லாமல் விடுவது இன்னொரு தவறு. 100 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டும். 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு. நெல்வயலோ மாட்டுப் பண்ணையோ, முடிவே இதனால் மாறிவிடும்.

பண்ணை வாசலோடு கணக்கை நிறுத்தினால், தீவனத்துக்காக வேறெங்கோ அழிந்த காடு கண்ணில் படாது. சராசரியை மட்டும் நம்பினால், ஒரே பொருளை விளைவிக்கும் பண்ணைகளுக்கிடையே உள்ள பெரிய வேறுபாடு மறைந்துபோகும். 2018-இல் பூர், நெமெசெக் என்ற இரு ஆய்வாளர்கள் 119 நாடுகளின் 38,000-க்கும் மேற்பட்ட பண்ணைத் தரவுகளைத் தொகுத்து இதைத்தான் காட்டினார்கள்.

மண்ணில் சேரும் கரிமத்தை (கார்பனை) அளப்பதில் கூடுதல் கவனம் தேவை. உழாத நிலத்தில் கரிமம் மேல்மண்ணில்தான் குவியும், 10 செ.மீ. மட்டும் தோண்டினால் மொத்தக் கரிமமும் கூடியதுபோலவே தெரியும். குறைந்தது 30 செ.மீ. வரை மாதிரி எடுங்கள், மண்ணின் அடர்த்தியையும் அளந்துகொள்ளுங்கள். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில், அதே பருவத்தில் மறுபடி எடுத்துப் பார்த்த பிறகே கரிமம் கூடியதா என்று எழுதுங்கள்.