மறைப்பணி முடிந்து ஊர் திரும்பும் குடும்பத்துக்கு: முதல் ஆண்டை நடத்திச் செல்லும் முறை

ஒரு குடும்பத்தை மறைப்பணிக்கு அனுப்பும்போது பங்கில் திருப்பலி உண்டு, ஆயரின் ஆசீர் உண்டு, மாலை மரியாதையும் உண்டு. அதே குடும்பம் சில ஆண்டுகள் கழித்துத் திரும்பும்போது, பேருந்திலிருந்து இறங்கிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவிலோ வடஇந்திய மறைமாவட்டம் ஒன்றிலோ பணியாற்றிவிட்டு, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி போன்ற பாலக்காட்டின் கிழக்கெல்லை ஊர்களுக்குத் திரும்பும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களை மனத்தில் வைத்து இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

திரும்பிவிட்டதால் பணி முடிந்துவிட்டது என்று எண்ணும் தம்பதியர் முதலில் புதிய ஏற்பாட்டில் வரும் தம்பதியரான பிரிஸ்கில்லாவையும் அக்கிலாவையும் நினைத்துக்கொள்வது நல்லது. கிளவுதியு பேரரசரின் ஆணையால் உரோமையை விட்டு வெளியேறிய அவர்கள், கொரிந்தில் பவுலோடு கூடாரத் தொழில் செய்தார்கள். எபேசில் அப்பொல்லோ என்ற போதகரைத் தங்களோடு அழைத்துச் சென்று மறையை அவருக்கு இன்னும் தெளிவாக விளக்கினார்கள். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 16ஆம் அதிகாரத்தில் அவர்கள் மீண்டும் உரோமையில் இருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டில் ஒரு சபை கூடுகிறது. 1981இல் குடும்பத்தைப் பற்றி எழுதிய திருத்தூது ஊக்கவுரையில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இவர்களையே மறைப்பணித் தம்பதியர் என்று எடுத்துக்காட்டினார். திரும்பி வந்த ஊரில் அவர்கள் வீட்டைத் திறந்து வைத்தார்கள். உங்கள் முதல் ஆண்டின் வேலையும் அந்த வீட்டை ஆயத்தப்படுத்துவதுதான்.

புறப்படும் முன் எடுத்துவர வேண்டியவை

பணித்தளத்தில் பிறந்த அல்லது அருளடையாளங்களைப் பெற்ற பிள்ளைகளின் திருமுழுக்கு, புதுநன்மை, உறுதிபூசுதல் சான்றிதழ்களைப் பங்குத்தந்தையின் கையெழுத்தோடும் முத்திரையோடும் அங்கேயே வாங்கிவிடுங்கள். உறுதிபூசுதலையும் திருமணத்தையும் திருமுழுக்குப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. ஆகவே இருபது ஆண்டுகள் கழித்து மகளுக்குத் திருமணம் பேசும்போதும் அந்தத் தொலைதூரப் பங்கின் பதிவேடு தேவைப்படும். பங்கின் பெயர், மறைமாவட்டத்தின் பெயர், பதிவேட்டு எண் ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் தனியாக எழுதி வையுங்கள்.

நம் பகுதிக்கே உரிய ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். பாலக்காட்டில், கத்தோலிக்கத் திருச்சபையின் கீழை வழிபாட்டு முறைகளில் ஒன்றான சீரோ மலபார் முறைக்குரிய மறைமாவட்டம் 1974 முதல் இருக்கிறது. இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்தவர்களுக்காகச் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் 2013 டிசம்பர் 28 அன்று நிறுவப்பட்டது. பணித்தளத்தில் சீரோ மலபார் குரு ஒருவர் உங்கள் பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுத்திருந்தாலும், தாய் தந்தை இருவரும் இலத்தீன் முறையினர் என்றால் பிள்ளையும் இலத்தீன் முறையைச் சேர்ந்ததே. ஆண்டுக்கணக்கில் சீரோ மலபார் முறையில் திருப்பலி கண்டதாலும் இது மாறுவதில்லை. சான்றிதழைக் காட்டும்போது இதைப் பங்குத்தந்தையிடம் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அயல்நாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தவறியிருந்தால் ஊருக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அங்கிருக்கும்போதே கேட்டு முடியுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் கைப்பையிலேயே வையுங்கள். அது இல்லாமல் அந்நோய் பரவியுள்ள நாட்டிலிருந்து வருவோரை விமான நிலையத்தில் தனிமைப்படுத்தலாம்.

முதலில் ஓய்வு

அனுப்பப்பட்ட திருத்தூதர்கள் திரும்பி வந்து தாங்கள் செய்ததையெல்லாம் சொன்னபோது, ஆண்டவர் அவர்களை உடனே அடுத்த ஊருக்கு அனுப்பவில்லை என்று மாற்கு 6ஆம் அதிகாரம் சொல்கிறது. தனிமையான இடத்துக்குப் போய்ச் சற்று ஓய்வெடுக்கவே அவர்களை அழைத்தார். இந்த அழைப்பைச் சொல்லுக்குச் சொல் ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதங்களில் பங்கில் எந்தப் பொறுப்பையும் ஏற்க வேண்டாம். பக்த சபையிலோ பாடகர் குழுவிலோ மறைக்கல்வி வகுப்பிலோ உங்களைச் சேர்க்க அன்போடு அழைப்பு வரும், அதே அன்போடு தள்ளிப்போடுங்கள்.

உடலையும் கவனிக்க வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்தோ ஜார்க்கண்ட், ஒடிசா வனப்பகுதிகளிலிருந்தோ வந்தவருக்குக் காய்ச்சல் வந்தால், எங்கிருந்து வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லி, மலேரியா இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மலேரியாவில் ஒரு வகை, கல்லீரலில் தங்கியிருந்து பல மாதங்கள் கழித்தும் தலைகாட்டும். ஆகவே வந்து அரையாண்டு ஆகிவிட்டதே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

பணத்தைப் பற்றிய கேள்வி

கேரளத்தில் வெளிநாடு என்றாலே வளைகுடாதான் நினைவுக்கு வரும். அங்கிருந்து திரும்புகிறவர் நகையோடும் வீட்டுக்கு அடித்தளம் போடும் பணத்தோடும் வருவார் என்பது ஊரின் எதிர்பார்ப்பு. ஆகையால் சித்தப்பாவும் அத்தையும் "எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறாய்?" என்று கேட்பதில் பொல்லாங்கு ஒன்றுமில்லை. மழுப்பாமல், "அங்கே சாப்பாட்டுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் கொடுத்தார்கள், சேமிப்பு இல்லை" என்று ஒரே முறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தியாகம் என்ற சொல்லை அந்தப் பேச்சில் பயன்படுத்த வேண்டாம். நீங்கள் போன காலத்தில் உங்கள் பெற்றோரைக் கவனித்துக்கொண்ட தம்பிக்கும் தங்கைக்கும் அது குத்தலாக இருக்கும். மாறாக, அவர்கள் அந்தப் பாரத்தைச் சுமந்ததாலேயே நீங்கள் போக முடிந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வருமானத்துக்கு ஏதேனும் வேலையை விரைவில் தேடிக்கொள்வது நம்பிக்கைக் குறைவாகாது. பிரிஸ்கில்லாவும் அக்கிலாவும் கைத்தொழில் செய்தவர்களே. தென்னந்தோப்பிலோ கடையிலோ பள்ளியிலோ கிடைக்கும் வேலை எதுவானாலும் உழைத்து உண்பவரின் சொல்லுக்கு ஊரில் மதிப்பு உண்டு. அங்கே பழகிய அயல்நாட்டு நண்பர்கள் ஏழைகளுக்கென்று பணம் அனுப்ப முன்வந்தால், அதை உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் வாங்க வேண்டாம். 2010ஆம் ஆண்டின் அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் அத்தகைய பணத்தைப் பதிவு பெற்ற அமைப்புகளின் வழியாகவே பெற வேண்டும் என்கிறது. மறைமாவட்டச் சமூகப்பணி அலுவலகத்தை அவர்களுக்குக் காட்டிவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளும் வீட்டுச் செபமும்

பெற்றோர் ஊர் திரும்புகிறார்கள். ஆனால் அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஊரை விட்டுப் பிரிந்து வருகிறார்கள். முதல் ஆண்டில் மிகுந்த கவனம் தேவைப்படுவது இந்த வேறுபாட்டுக்குத்தான். தாத்தா பாட்டி வீடு உங்களுக்கு நினைவுகளால் நிறைந்தது, பிள்ளைக்கோ அது ஒரு புது இடம். அங்கே ஞாயிறு திருப்பலியில் காணிக்கைப் பவனி ஆடிப் பாடிக்கொண்டு வரும், வழிபாடு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நீளும், அதற்குப் பின்னும் யாரும் வீட்டுக்கு ஓடுவதில்லை. இங்கே எல்லாம் சுருக்கமாக முடிந்துவிடுகிறதே என்று பிள்ளை கேட்டால் அதைக் குறை கூறுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், "அங்கே கற்றுக்கொண்டதை இங்கே எப்படிச் செய்யலாம்?" என்று திருப்பிக் கேளுங்கள். அங்குள்ள நண்பர்களோடு அலைபேசியில் பேச நேரம் ஒதுக்குங்கள். அழுதால் அழ விடுங்கள். கடவுளுக்காக விட்டு வந்தோம் என்று சொல்லி அந்த அழுகையை நிறுத்துவது, கடவுள் தன்னிடமிருந்து எதையோ பறித்துக்கொண்டார் என்ற எண்ணத்தைப் பிள்ளையின் மனத்தில் விதைத்துவிடும்.

மாலை ஏழு மணியோ எட்டு மணியோ, ஒரு நேரத்தை உறுதி செய்து, செபமாலையை ஒரு நாளும் விடாமல் சொல்லுங்கள். சுவாகிலியோ இந்தியோ பேசி வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்துகள் தெரியாதிருக்கலாம். ஒரு செபமாலையில் அருள் நிறைந்த மரியே செபம் 53 முறை வருவதால், எழுத்தறியும் முன்பே நாக்கு தமிழுக்குப் பழகிவிடும். ஐந்து பத்துகளில் ஒன்றைப் பிள்ளையின் மொழியிலேயே, சலாமு மரியா என்றோ பிரணாம் மரியா என்றோ, பிள்ளையே முன்னின்று சொல்லட்டும். அந்தப் பத்தை அங்குள்ள உபதேசியார், அண்டை வீட்டார், நோயுற்றோர் பெயர்களைச் சொல்லி ஒப்புக்கொடுங்கள். பாட்டி அந்த மொழியைத் தெரியாமலே கூடச் சேர்ந்து முணுமுணுக்கத் தொடங்குவார். அதுவே பிள்ளையை இந்த வீட்டோடு சேர்க்கும்.

பள்ளியைப் பொறுத்தவரை, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இடம் தருகிறது. கீழ் வகுப்பில் உட்கார வைக்கச் சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள். தமிழ்வழிப் பள்ளியில் சேர்த்தாலும் மலையாளத்தை முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

பங்கில் பேசும் நேரம்

திருத்தூதர் பணிகள் 14ஆம் அதிகாரத்தின் முடிவில் பவுலும் பர்னபாவும் அந்தியோக்கியாவுக்குத் திரும்பிச் சபையைக் கூட்டி, கடவுள் தங்கள் வழியாகச் செய்ததையெல்லாம் அறிவிக்கிறார்கள். பிறகு சீடர்களோடு நெடுநாள் தங்குகிறார்கள். நாம் முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறோம். உங்களைப் பேச அழைப்பார்கள், பெரும்பாலும் அக்டோபரின் கடைசிக்கு முந்தைய ஞாயிறான மறைபரப்பு ஞாயிறன்று. பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். அங்குள்ள மக்களின் வறுமையை விவரிக்காமல் அவர்களுடைய நம்பிக்கையை விவரியுங்கள். அனுமதியின்றி அவர்களுடைய படங்களைத் திரையில் காட்ட வேண்டாம்.

அதன்பின், பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் சிறு குழுவான அன்பியத்தின் கூட்டத்துக்குப் போய், சில மாதங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் 1976இலேயே சிறு கிறிஸ்தவச் சமூகங்களை மேய்ப்புப்பணியின் முதன்மையாக ஏற்றார்கள். ஆகவே அங்கிருந்து வந்தவருக்கு அன்பியம் புதிதல்ல, "அங்கே இதைவிட நன்றாக நடக்கும்" என்று சொல்லத் தோன்றும். அந்தச் சொல்லை அடக்கிக்கொள்ளுங்கள். உங்கள் முறை வரும்போது உங்கள் வீட்டில் கூட்டத்தை நடத்தி, அங்கே செய்தபடி, வராதவர்களைத் தேடிப் போய் அழைத்து வாருங்கள்.

வடஇந்தியாவில் பணியாற்றி இந்தி கற்றவர்களுக்குப் பாலக்காட்டிலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஜார்க்கண்ட், ஒடிசா தொழிலாளர்களில் கத்தோலிக்கரும் உண்டு. தங்கள் மொழியில் செபமாலை சொல்ல ஒரு வீடு, ஒப்புரவு அருளடையாளத்துக்கு இந்தி அறிந்த ஒரு குரு, மருத்துவமனையில் உடன் நிற்க ஓர் ஆள் ஆகியவையே அவர்களுக்குத் தேவை. பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டு, மாதம் ஒரு ஞாயிறு பிற்பகலில் அவர்களை உணவுக்கு அழைத்துத் தொடங்கலாம்.

முதல் ஆண்டு முடியும்போது கணவனும் மனைவியும் ஒரு நாள் தியானத்துக்குச் சென்று, மறுபடி போவதா, இங்கேயே இருப்பதா என்பதைத் தனித்தனியே எழுதி, அதன்பின் ஒருவர் எழுதியதை மற்றவர் வாசியுங்கள். இருவரின் பதிலும் ஒத்துவராவிட்டால் ஆயரிடம் போக இன்னும் நேரம் வரவில்லை. பிள்ளைகளிடமும் கேளுங்கள். பத்து வயதைத் தாண்டிய பிள்ளை வரமாட்டேன் என்று சொன்னால், அந்த மறுப்பைக் குறைந்தது அந்த ஆண்டுக்காவது மறுப்பாகவே ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.