லேஸ் பாபினுக்கு நூல் சுற்றும் வைண்டர்: வாங்குவதும் பழகுவதும்

நூல் சுற்றிய குச்சிகளை (பாபின்களை) மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் பாபின் லேஸ் பழக வருகிறவர்களுக்குப் பின்னலைவிட நூல் சுற்றுவதில்தான் பொறுமை போகும். சின்னப் பட்டைக்கே பல ஜோடி பாபின் வேண்டும். கையால் சுற்றலாம், ஆனால் வைண்டர் இருந்தால் வேலை சட்டென முடியும். தையல் மெஷினில் இருக்கும் வைண்டர் இதற்கு உதவாது. அது வட்டப் பாபினுக்கானது, லேஸ் பாபினோ குச்சி மாதிரி நீளமானது.

வாங்கும்போது உங்கள் பாபின்களையும் கையோடு எடுத்துப் போங்கள். இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் வகைப் பாபினின் அடியில் மணிகள் கோத்த வளையம் தொங்கும். சுழலும்போது அது எதிலும் இடிக்கக் கூடாது. இன்னொரு ஆங்கில வகையான ஹோனிட்டன் பாபின் மெலிந்து, அடி கூராக இருக்கும், மணி கிடையாது. பெல்ஜிய வகைகள் சிலவற்றுக்கு அடி உருண்டு பருத்திருக்கும். எல்லாவற்றையும் பிடிக்கும் என்று சொல்லப்படும் வைண்டரையும் மாட்டிச் சுற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். பாபின் ஆட்டம் போட்டால் வேண்டாம். ரப்பர் பெல்ட் நாளடைவில் தளரும், மாற்று பெல்ட் கிடைக்குமா என்றும் கேளுங்கள். மரத்தின் அழகெல்லாம் அப்புறம்.

சரி, சுற்றலாம்.

1. வைண்டரை மேசை விளிம்பில் இறுக்குங்கள். நூல்கண்டு தடையில்லாமல் உருளட்டும்.

2. நூல் நுனியைப் பாபினின் கழுத்தோடு (தலைக்குக் கீழே நூல் சுற்றும் மெலிந்த பகுதி) படுக்க வைத்து, அதன் மேலேயே விரலால் சில சுற்றுச் சுற்றுங்கள். முடிச்சு தேவையில்லை. பிறகு பாபினை வைண்டரில் மாட்டுங்கள்.

3. ஒரு கை கைப்பிடியைச் சுற்ற, மறு கையின் இரு விரல்களுக்கு நடுவே நூல் ஓடட்டும். கழுத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாக நகர்த்துங்கள். ரொம்ப இழுத்தால் மெல்லிய நூல் அறுந்துவிடும். தளர விட்டால் மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் புதைந்து, பின்னும்போது சிக்கும். கழுத்து பிதுங்கும் அளவுக்கு நிரப்ப வேண்டாம்.

4. உடனே வெட்டாதீர்கள். ஜோடிப் பாபினுக்கும் அதே அளவு நூலை இழுத்துவிட்டு வெட்டி, வெட்டிய நுனியிலிருந்து இரண்டாவதைச் சுற்றுங்கள். முன்பு சுற்றிய திசையே இதற்கும். நடுவில் ஒரு சாண் நூல் மிச்சமிருக்கட்டும். இப்படிச் செய்தால் ஜோடிக்கு நடுவே முடிச்சே வராது.

5. கடைசியில் சுருக்கு. நூலை ஆள்காட்டி விரலில் வளையமாகப் போட்டு, ஒரு திருப்புத் திருப்பி, பாபினின் தலையில் மாட்டி இழுங்கள். நூலைப் பிடித்துத் தொங்கவிட்டால் பாபின் நிற்க வேண்டும். பாபினை உருட்டினால் நூல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும். நிற்காமல் நழுவினால் வளையத்தை எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் போடுங்கள். பட்டு நூல் அப்படியும் வழுக்கும், அதற்கு இரட்டைச் சுருக்கு.